இருபது மில்லி

அப்பாவின் ஸ்கூட்டரை எடைக்குப் போட்டுவிடலாம் என்று நான் சொன்ன அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. கேட்டால், "வயிறு சரியில்லை" என்றார். 81 வயதில் வயிறு சரியில்லாமல் போக ஆயிரம் காரணம் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். என் மகள்தான் கண்டுபிடித்தாள்.

"தாத்தா வயிறு நல்லாத்தான் இருக்கு. நீங்க ஸ்கூட்டரைப் பத்திச் சொன்னதுதான் அவருக்குச் செரிக்கலை."

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது அந்த பஜாஜ் சேட்டக். 1984 மாடல். உங்களில் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் சேட்டக் வேண்டுமென்றால் கடைக்குப் போய் வாங்கிவர முடியாது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்பா 1977ல் பதிவு செய்தார். அப்போது எனக்கு 7 வயது. வண்டி வீட்டுக்கு வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. நடுவில் தாத்தா போய்விட்டார். தம்பி பிறந்து பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டான்.

இப்படி வந்து சேர்ந்த வண்டியை எப்படி வைத்துக்கொள்வார்கள்? அப்பா அதை வண்டியாகவே நடத்தவில்லை. குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தையை நடத்துவது மாதிரி நடத்தினார். மழை தூறினால் அன்று பஸ். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் கணக்குப் பிரிவு வேலை. போய்வர அவர் ஓட்டுகிற வேகம் 30 கிலோமீட்டர். சைக்கிள்காரர்கள் பெல் அடித்து வழி கேட்டிருக்கிறார்கள். பின்னால் ஒருவருக்குமேல் உட்காரக் கூடாது. நாங்கள் நாலு பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டுமென்றால் அப்பா ஸ்கூட்டரில் வருவார், நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் போவோம். பெரும்பாலும் நாங்கள்தான் முதலில் போய்ச் சேருவோம்.

பெட்ரோல் பங்க்கில் நடப்பது தனிக் காட்சி. அந்த வண்டி டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். பையன் அளந்து ஊற்றி முடித்ததும் அப்பா, "இன்னும் கொஞ்சம்" என்பார். அவன் ஊற்றுவான். "இன்னும் துளி." அவன் அப்பாவை ஒருமாதிரி பார்த்துக்கொண்டே ஊற்றுவான். "எண்ணெய் கூடப் போச்சுன்னா எதுவும் கெட்டுப்போகாதுடா" என்று என்னிடம் சொல்வார், ஏதோ தாளிப்பு விஷயம் மாதிரி.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா வண்டியை எடுப்பதில்லை. மூன்று வருஷமாக அது வேட்டிக்குள்தான் இருந்தது.

மகள் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் முடித்தவள். பூனாவில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஷாப் ஃப்ளோரில் வேலை. மாதத்தில் இரண்டு வாரம் இரவு ஷிஃப்ட். நான் 'சரி' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. "மெட்ராஸ்லயே ஏதாவது கிடைக்கும், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே" என்று சொல்லிவைத்திருந்தேன். பொறுக்கிற காலத்தில் கை சும்மா இருக்கவில்லை அவளுக்கு. ஸ்கூட்டரின் வேட்டியை உருவினாள்.

பழைய பெட்ரோலை வடித்தாள். கார்புரேட்டரைக் கழுவினாள். புது ஸ்பார்க் ப்ளக் போட்டாள். தாத்தாவைப் பார்த்துப் பழகியிருந்தபடியே வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி உதைத்தாள். பதினைந்தாவது உதையில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. கொசு மருந்து அடிக்கிற மாநகராட்சி வண்டி வந்துவிட்டதாக நினைத்து எதிர்வீட்டு மாமி ஜன்னலைச் சாத்தினார். அவ்வளவு புகை.

ஓடியது. ஆனால் இழுக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் 25க்கு மேல் போக மறுத்தது. காவிரிப் பாலத்தின் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்து அணைத்த பிறகும் 'டுப் டுப்' என்று நாலு தடவை தானாக ஓடிவிட்டுத்தான் நின்றது.

தெருமுனை மெக்கானிக் பாய் வந்தார். அப்பாவின் வண்டியை 30 வருஷமாகத் தெரிந்தவர். எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. வண்டியை ஓடவிட்டு, சைலன்சர் வாய்க்குக் கொஞ்சம் தள்ளி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பதுபோல.

"மூச்சு முட்டுது சார். உள்ள பூரா கார்பன். ஹெட்டைக் கழட்டிச் சுரண்டி எடுத்தாப் போதும். இதுக்குக் கடைக்கு வரணும்னே இல்ல. பெரியவர்தான் வருஷா வருஷம் வீட்லயே பண்ணுவாரே."

உண்மைதான். ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா கொல்லையில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். ஒர்க்ஷாப்பில் ஒரு ஃபிட்டர் கற்றுக்கொடுத்த வித்தை. எனக்கு ஒரே ஒரு வேலைதான்: பீங்கான் தட்டில் நட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்வது. ஸ்பானரைத் தொட்டதில்லை. "கையை வெச்சுடாதே" என்ற ஒரு வாக்கியத்தில் என் மெக்கானிக் வாழ்க்கை முடிந்தது. பிறகு அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டும் குங்குமமும் மட்டும் தொடர்ந்தன. கார்பன் உள்ளேயே இருந்தது.

இந்தக் கார்பன் எங்கிருந்து வருகிறது? மகள் எனக்குத் தோசைக்கல்லை வைத்து விளக்கினாள். தோசைக்கல்லின் ஓரத்தில் கறுப்பாக, தேய்த்தாலும் போகாமல் ஒரு பக்கு இருக்குமே, அதேதான் இதுவும். சூடான இரும்பில் எண்ணெய் முழுசாக எரியாமல் காய்ந்து, அதன்மேல் இன்னொரு படலம் காய்ந்து, கடைசியில் கல்லாகிவிடும்.

இப்போது ஓடுகிற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் ஆயில் தனியாகக் கீழே இருக்கிறது. எரிகிற இடத்துக்கு அதிகம் வருவதில்லை. டூ ஸ்ட்ரோக்கில் அப்படியில்லை. பெட்ரோலோடு கலந்துபோகிற ஆயில்தான் உள்ளே எல்லாவற்றுக்கும் உயவு. அந்த வேலையை முடித்துவிட்டு அதுவும் பெட்ரோலோடு சேர்ந்து எரிய வேண்டும். பெட்ரோல் லேசானது, சட்டென்று எரிந்துவிடும். ஆயில் கனம். என்ஜின் நன்றாகச் சூடேறினால் பெரும்பகுதி எரிந்து வெளியே போய்விடும். சூடேறாவிட்டால் பிஸ்டன் தலையிலும், அதற்கு மேலே மூடியிருக்கும் ஹெட்டிலும், புகை வெளியேறும் துவாரத்திலும், சைலன்சரிலும் ஒட்டிக்கொள்ளும். துவாரம் சுருங்கினால் எரிந்த புகை வெளியே போகாது. பழைய புகை போகாமல் புதுக் காற்றுக்கு இடமேது? அதனால்தான் வண்டி இழுக்கவில்லை. அணைத்த பிறகும் ஓடியதற்குக் காரணமும் இதுதான். கரித்துணுக்கு உள்ளே கங்குபோலக் கனன்றுகொண்டிருந்தால், ப்ளக்கில் பொறி இல்லாமலே பெட்ரோல் பற்றிக்கொள்ளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை காபி ஆனதும் வேலை ஆரம்பமானது. அப்பாவுக்கு முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி. நான் வழக்கம்போலப் பீங்கான் தட்டு. 40 வருஷத்தில் எனக்குப் பதவி உயர்வு இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் இருந்தால் உபயோகப்படும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் விஷயம், என்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் குழாயை மூடிவிட வேண்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு, கொசுவர்த்தி எதுவும் கூடாது. வலதுபக்கத்து டிக்கியைக் கழற்றினால் என்ஜின். ப்ளக் ஒயரை எடுத்து, ப்ளக்கைக் கழற்றி, சிலிண்டருக்கு மேலே போர்த்தியிருக்கும் மூடியை எடுத்தால் ஹெட் தெரியும். நாலு நட்டு. ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஹெட் கோணிக்கொள்ளும்.

இதுவரை அப்பா வாயே திறக்கவில்லை. மகள் இரண்டாவது நட்டுக்கு அடுத்துள்ள நட்டில் ஸ்பானரை வைத்ததும், "ம்ஹும்" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா நடுங்குகிற விரலால் எதிர்மூலையைக் காட்டினார். அதன்பிறகு நாற்காலி மரத்தடியிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து சாக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

ஹெட் கையோடு வந்தது.

திருப்பிப் பார்த்தோம். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு. அடிப்பிடித்த பால்பாத்திரம் மாதிரி, சில இடங்களில் வெடித்து, செதில் செதிலாக. கீழே பிஸ்டன் தலையிலும் அதே. 57 மில்லிமீட்டர் அகலம், ஒரு காபி டம்ளரின் வாய் அவ்வளவுதான். அந்தச் சின்ன இடத்தில் பல வருஷத்துச் சவாரியின் மிச்சம் கனமாகப் படிந்திருந்தது.

"இவ்ளோவா?" என்றார் அப்பா.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன், உதவலாமே என்று. தாத்தாவும் பேத்தியும் ஒரே குரலில் "ஐயோ!" என்றார்கள். ஹெட்டும் பிஸ்டனும் அலுமினியம், மென்மையான உலோகம். இரும்பால் சுரண்டினால் கீறல் விழும். அந்தக் கீறலே அடுத்த கார்பனுக்கு வசதியான இடம். மூங்கில் சிம்பை உளிபோல் சீவிக்கொள்ள வேண்டும். பழைய டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைத் தேய்த்துக் கூராக்கினாலும் போதும். முன்பெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறவைப்பார் அப்பா. இப்போது மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு. டீசலில் ஊறவைத்தோம். சிலர் காஸ்டிக் சோடா போடலாம் என்பார்கள். வேண்டாம். அது கார்பனோடு அலுமினியத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். கையும் வெந்துவிடும்.

பிஸ்டனைச் சுரண்டுவதற்குமுன் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி அதை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் மயிரிழை சந்து இருக்கும். அதில் சுற்றிலும் கிரீஸ் தடவிவிட்டால், சுரண்டுகிற தூள் உள்ளே விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்து பிஸ்டனைச் சற்றே இறக்கினால் அழுக்குக் கிரீஸ் சுவரில் வளையமாக நிற்கும். துணியால் வழித்து எடுத்துவிடலாம். இந்தக் கிரீஸ் வித்தையைச் சொன்னபோது அப்பாவின் முகத்தில் ஒரு களை வந்தது. கல்லூரியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை என்று பேத்தி வேறு சொல்லிவிட்டாள்.

சைலன்சரைக் கழற்றினால் புகை வெளியேறும் துவாரம் தெரியும். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதன் பக்கவாட்டே அந்தத் துவாரத்துக்குக் கதவுபோல அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் தைரியமாகச் சுரண்டலாம். எங்கள் வண்டியில் துவாரம் பாதிதான் மிச்சமிருந்தது. கெட்டியாகிப்போன கரி, கட்டி கட்டியாக விழுந்தது. சைலன்சர் மட்டும் நம் வேலை இல்லை. அதற்குள் கையும் போகாது, குச்சியும் போகாது. நெருப்பில் காட்டித்தான் உள்ளே இருப்பதை எரிக்க வேண்டும். அதை பாயிடம் கொடுத்துவிட்டோம்.

சுரண்டிக்கொண்டே மகள் கேட்டாள். "தாத்தா, லிட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊத்துவீங்க?"

"அது... நாப்பது, அம்பது மில்லி."

"புக்ல 20 மில்லின்னு போட்டிருக்கே?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல், பிஸ்டனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"1979ல, எங்க செக்ஷன்ல என்கூட வேலை பார்த்தவர் ஒருத்தர். புதுசா ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். ஒருநாள் பங்க்ல ஆயில் ஊத்த மறந்துட்டாங்க. வெறும் பெட்ரோல். காவிரிப் பாலத்துல வரும்போது பிஸ்டன் சிக்கிக்கிச்சு. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. தூக்கி அடிச்சதுல இடுப்பு போச்சு. ஆறு மாசம் படுக்கை. அப்புறம் அவர் வண்டி பக்கமே போகலை. அவர் சம்சாரம் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னது இன்னும் கண்ணுலயே இருக்கு. நம்ம வண்டி வந்தப்ப உனக்கு 14, தம்பிக்கு 6. பின்னாடி உங்களை உக்காரவெச்சு ஓட்டணும். 20 மில்லின்னு புக்ல போட்டிருந்தான். எனக்கு மனசு கேக்கலை."

முருங்கை மரத்தில் ஒரு அணில் கத்திக்கொண்டிருந்தது. 40 வருஷமாக எங்கள் வீட்டில் நகைச்சுவையாகவே சொல்லப்பட்டுவந்த விஷயம் இது. 'இன்னும் கொஞ்சம், இன்னும் துளி' என்று அப்பாவைப்போலவே பேசிக் காட்டி, நானும் தம்பியும் எத்தனை கல்யாண வீடுகளில் எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறோம்! அதற்குள்ளே இப்படி ஒரு பாலமும், ஒரு அம்மாள் அழுதுகொண்டு நின்றதும் இருந்தது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. அவர் சொன்னதில்லை.

"ஆனா சார்" - சைலன்சரை வாங்க வந்து நின்றுகொண்டிருந்த பாய் சொன்னார் - "நான் அப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கேன். ஆயிலும் கூட, ஓட்டறதும் மெதுவான்னா எப்படி? வண்டியை அப்பப்ப பைபாஸ்ல விட்டு விரட்டணும். நல்லாச் சூடேறினா பாதி கார்பன் தானா எரிஞ்சு போயிரும். நீங்க பொத்திப் பொத்தி வெச்சுதான் இது அடைச்சுக்கிச்சு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மெக்கானிக் பாஷை. எனக்குத்தான் ஏதோ போலிருந்தது.

1991ல் எனக்கு பம்பாயில் வேலை கிடைத்தது. கடிதம் வந்த அன்று அப்பா அதை மூன்று தடவை படித்தார். "அவ்வளவு தூரம் எதுக்கு? இங்கயே பேங்க் பரீட்சை எழுது. கொஞ்சம் பொறு" என்றார். எழுதினேன். கிடைத்தது. ஒன்றும் குறைவில்லை, நல்ல வாழ்க்கைதான். இருந்தாலும் ரொம்ப வருஷம் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின்மேல் எனக்கிருந்த கோபமும் அந்தக் கடிதத்தோடு பீரோவில் இருந்தது. சண்டை போட்டிருந்தால் எரிந்து போயிருக்குமோ என்னவோ. போடவில்லை. மரியாதையாகவே இருந்தோம்.

அப்பா பேத்தியிடம் கேட்டார். "பூனாவுக்கு எப்பப் போகணும்?"

அவள் என்னைப் பார்த்தாள். "அடுத்த மாசம் 10ஆம் தேதி சேரணும் தாத்தா. அப்பா இன்னும் ஒண்ணும் சொல்லலை."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தட்டிலிருந்த நாலு நட்டுகளை எண்ணினேன். நாலும் இருந்தன.

"பூனாவா?" என்றார் பாய் உற்சாகமாக. "நம்ம வண்டி பொறந்த ஊராச்சே!"

அதுவும் உண்மைதான். எங்கள் சேட்டக் பூனாவுக்குப் பக்கத்திலுள்ள ஆகுர்டி தொழிற்சாலையிலிருந்து வந்தது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரை வைத்து 1972ல் ஆரம்பித்த வண்டி. புகைக் கட்டுப்பாடுகள் வந்ததும், மோட்டார் சைக்கிள்களுக்கு மவுசு கூடியதும் சேர்ந்து 2000த்துக்குப் பிறகு அதன் மார்க்கெட் சரிந்தது. கடைசியில் ஃபோர் ஸ்ட்ரோக்காக மாறிப் பார்த்தும் பிழைக்கவில்லை. 2005 வாக்கில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். 2020ல் அதே பெயரில் மின்சார ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்தது. 2022ல் அதே ஆகுர்டியில் மின்சார வண்டிகளுக்கென்றே தொழிற்சாலை திறந்தார்கள். பெட்ரோலும் இல்லை, ஆயிலும் இல்லை, கார்பனும் இல்லை. ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு அப்பாக்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

பிஸ்டன் தலை வெள்ளி மாதிரி பளபளக்க ஆரம்பித்தது. மகள் ஓரத்துக்கு வந்தபோது அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"அந்த ஓரத்துல மெல்லிசா ஒரு வளையம் விட்டுடும்மா. பழைய என்ஜின். உள்ள தேஞ்சிருக்கும். அந்தக் கரிதான் அதுக்கு அணை. முழுக்கச் சுரண்டினா ஆயில் மேல ஏறும்னு ஃபிட்டர் சொல்வார்."

அவள் விட்டுவிட்டாள்.

மத்தியானம் பாய் சைலன்சரை எரித்துத் தட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். ஹெட்டைத் துடைத்து வைத்து, எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக நாலு நட்டையும் இறுக்கினாள். ஒரு நட்டை மட்டும் தாத்தாவிடம் விட்டாள். ஸ்பானரை அவர் பிடிக்க, அவர் கைமேல் அவள் கை.

பெட்ரோல் ஊற்றுவது என் பொறுப்பு. கேனில் மூன்று லிட்டர். ஆயில் அளக்க இருமல் மருந்து மூடியைக் கொடுத்தாள் மகள். ஒரு மூடி 10 மில்லி. லிட்டருக்கு 20 என்றால் மொத்தம் ஆறு மூடி. ஒன்று, இரண்டு என்று எண்ணி ஊற்றினேன். ஆறு ஆயிற்று. என் கை தானாக ஏழாவது மூடிக்கு பாட்டிலைச் சாய்த்தது.

"போதும்டா" என்றார் அப்பா.

நிமிர்ந்து பார்த்தேன்.

"நான் பண்ணினதையே நீயும் பண்ணாதே" என்றார். அவ்வளவுதான். எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

அவர் ஆயிலைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. 81 வயசுக்காரரை அதற்குமேல் பேசவைக்கக் கூடாது. பாட்டிலை மூடினேன்.

மூன்றாவது உதையில் ஸ்டார்ட் ஆயிற்று. முதலில் கொஞ்சம் புகை, பிறகு அதுவும் இல்லை. மகள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். காவிரிப் பாலத்தில் வண்டி 50ல் ஏறியது. நடுப்பாலத்தில் அவள் காதருகே குனிந்து, காற்றுக்கு மேல் கத்தினேன்.

"பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டுடு."

"என்னது?"

"டிக்கெட்! பூனாவுக்கு!"

அவள் பதில் சொல்லவில்லை. வண்டி 55க்குப் போனது. நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகப் போ என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை என்பதை இங்கே பெருமையாகப் பதிவு செய்கிறேன்.

இப்போது அவள் ஆகுர்டிக்குப் பக்கத்தில்தான் இரண்டு தோழிகளோடு தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சேட்டக்கை எடுத்துக்கொண்டு பைபாஸ் ஏறி சமயபுரம்வரை ஒரு விரட்டு விரட்டிவிட்டு வருகிறேன். வாசலில் காத்திருக்கும் அப்பா, பாய் செய்ததைப்போலவே சைலன்சருக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். "மூச்சு நல்லா வருது" என்கிறார். அதன்பிறகு மகளிடமிருந்து போன். தாத்தா மாத்திரை போட்டாரா, அம்மா வாக்கிங் போனாளா என்று விசாரித்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வருவாள்.

"லிட்டருக்கு இருபது மில்லிதானே ஊத்தறீங்க?"

"ஆமாம்மா, இருபதுதான்."

இருபத்திரண்டு இருக்கலாம்.